மலைவீடும் மாடிப் போர்ஷனும்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் இப்போதெல்லாம் யாரும் லாட்ஜ் விசாரிப்பதில்லை. ஏலகிரியோ ஏற்காடோ கொல்லிமலையோ, “ஹோம்ஸ்டே கிடைக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டும், விறகடுப்புச் சோறு சாப்பிட வேண்டும், அந்த வீட்டுக்காரர் நம்மிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அரசாங்கமும் இதைப் புரிந்துவைத்திருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டே அங்கீகாரம் தர வேண்டுமானால், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆறு அறைக்கு மேல் விடக் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பழங்குடி கிராமங்களுக்கான திட்டத்தில் நாடு முழுக்க 1,000 ஹோம்ஸ்டேக்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. புதிதாகக் கட்ட 5 லட்சம் ரூபாய் வரை, இருக்கிற வீட்டைச் சீர்செய்ய 3 லட்சம் வரை உதவி உண்டு.

வெறும் அறைதான் வேண்டுமென்றால் லாட்ஜிலேயே தங்கிவிடலாம். காசையும் கொடுத்துவிட்டு, காசு கொடுத்த ஆளாக நம்மை நடத்தக் கூடாது என்று எதிர்பார்த்துத்தான் மலையேறுகிறோம். இந்த ஆசையில் தப்பொன்றும் இல்லை. அதே ஆசையோடு ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகிறது என்பதுதான் என்னைக் கொஞ்ச காலமாகக் குடைகிறது.

எங்களுக்கு எட்டின மலை ஜவ்வாது. ஆவடியில் ரயிலேறி வாணியம்பாடியில் இறங்கினால் ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்விடலாம். காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை 1986-ல் அங்கே திறந்துவைத்தார்கள். இருட்டு நன்றாக இருந்ததால் தேர்ந்தெடுத்த இடம். ராத்திரி எட்டு மணிக்கு அந்த இருட்டில் நின்றால், எங்கள் மொட்டைமாடியில் இத்தனை வருஷமாக வானம் என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

நாங்கள் தங்கியது ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ் பேசும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சாணம் மெழுகிய தரை, மண்சுவர், கூரை மட்டும் தகரத்துக்கு மாறியிருந்தது. எங்களுக்குக் கொடுத்தது உள்ளறை. அந்த வீட்டில் கதவு வைத்த அறை அது ஒன்றுதான் என்பது, ராத்திரி அவர்கள் எல்லோரும் திண்ணையில் பாய் விரித்தபோதுதான் தெரிந்தது.

காலையில் அந்த அம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தார். சாமையின் உமி லேசில் விடாது. குத்தி, முறத்தில் போட்டுப் புடைத்து, மறுபடியும் உரலில் கொட்டிக் குத்த வேண்டும். முறத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து விரலால் தட்டத் தட்ட, உமி முன்னால் பறந்து போக, மணி மட்டும் பின்னால் தங்கியது. என் மனைவி வாங்கிப் பார்த்தாள். மணியும் சேர்ந்து பறந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே முறத்தை வாங்கிக்கொண்டார். மதியம் எங்களுக்குச் சாமைச் சோறு, கீரை, மொச்சைக்குழம்பு. நாங்கள் எழுந்த பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் தட்டில் இருந்தது ரேஷன் அரிசிச் சோறு. “தெனம் சாமை குத்த யாரால ஆவும்?” என்றார். எங்களுக்காகத்தான் குத்தியிருக்கிறார்.

எந்த ஊர் என்று கேட்டார். அம்பத்தூர் என்றதும் முகமே மாறிவிட்டது. “எம் பையன் அங்கதாங்கண்ணா இருக்கான், கம்பெனி வேலை.” எஸ்டேட்டில் ஏதோ ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறானாம். அவருக்கு அதில் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்குக் காரணம் இருக்கிறது. கூலிக்காக மலையிறங்கிப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவதில்லை. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. பட்டறை வேலை என்றால் ராத்திரி ஷிப்ட்டாக இருந்தாலும் அம்மாக்காரி தூங்கலாம்.

பிறகு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “வீட்டுக்காரங்கல்லாம் அங்க எப்படிக்கா? நல்லாப் பாத்துக்குவாங்களா?”

மனைவி, “பாத்துக்குவாங்க” என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

பட்டரவாக்கத்திலிருந்து திருமுல்லைவாயல் வரைக்கும் நடந்தால், கேட்டில் தொங்குகிற டு-லெட் போர்டுகளிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஃபேமிலி மட்டும். சைவம் மட்டும். விருந்தாளிகள் தங்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் திறக்கப்படாது. பையன்களுக்கு விடுகிற வீடுகளும் உண்டு; தகரக் கொட்டகை போட்ட மொட்டைமாடி, தலைக்கு இவ்வளவு என்று வாடகை, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களென்றால் ஆதார் நகலோடு இன்னும் நாலு நிபந்தனை. நம் திண்ணைகளைத்தான் எப்போதோ இடித்து கார் ஷெட் ஆக்கிவிட்டோமே.

வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பென்ஷன் இல்லாத வீட்டில் மாடி வாடகைதான் மருந்துச் செலவு. லாரித் தண்ணீர் என்ன விலை என்பது சம்ப்பைத் திறந்து எட்டிப்பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸும், 1961-ல் ஆவடி டாங்க் ஃபேக்டரியும், 1964-ல் தொழிற்பேட்டையும் வந்தபோது, டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கி ஒண்டுக்குடித்தனத்தில் முடங்கியவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு இங்கே வீட்டுக்காரர்களாக இருக்கிற பலரும். என் அப்பாவும் செய்யாறு பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்தான். பொதுக் குழாயில் சண்டை போட்டே எங்களை வளர்த்தார்.

பூந்தமல்லிக்காரர் ஒருவரைப் பற்றிய பழைய கதை இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வரும். திருக்கச்சி நம்பி அங்கே பிறந்தவர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். ராமானுஜர் அவர்மேல் இருந்த பக்தியில், அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டுமென்று வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்தபோது ராமானுஜர் வீட்டில் இல்லை. மனைவி தஞ்சமாம்பாள் இலை போட்டுப் பரிமாறினார். நம்பி போனதும் மிச்சத்தைக் கொட்டி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்கு மறுபடியும் சமைக்க உட்கார்ந்தார். நம்பி வைசியர், அதுதான் காரணம். கதை சொல்கிறவர்கள் மொத்தப் பழியையும் அந்த அம்மாள் தலையில் போடுவது எனக்கு ஒப்புவதில்லை. அந்த ஆசாரத்தை அவர் ஒருத்தியா உண்டாக்கினார்? ஆனால் கதையில் கவனிக்க வேண்டியது, நம்பிக்குப் போட்ட சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்பது. இலையெடுத்த பிறகு நடந்ததில்தான் எல்லாம் இருக்கிறது. பேச்சிலர்கள் காலிசெய்ததும் பினாயில் ஊற்றிக் கழுவி, பெயிண்ட் அடித்து, அந்தச் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்கிற நம் தெருக்களும் அந்தக் கதையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிடவில்லை.

மலையில் எங்களைத் தங்கள் ஆளாக நடத்தினார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்காக ஒரு குடும்பம் திண்ணையில் படுத்தது, ஒரு பெண்ணின் தோள் காலையெல்லாம் உலக்கை பிடித்தது. நாங்கள் கொடுத்த பணத்துக்கு அது சரியாய்ப் போயிற்றா என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் மகனுக்கும் எங்கள் ஊரில் பணம் கொடுத்துத்தான் இடம் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஒரே மாதிரிக் காசுக்கு அங்கே நான் அண்ணன், இங்கே அவன் “தலைக்கு இவ்வளவு”.

எங்கள் மாடிப் போர்ஷன் போன மாதம் காலியானது. பையன்களுக்கு விடலாம் என்று மனைவி சொல்ல, வீட்டில் பேச்சு வளர்ந்துகொண்டிருக்கிறது. அம்மா முதலில் தண்ணீரைக் காட்டினார். கீழே நாம் மூன்று பேர் வாஷிங் மெஷினில் கொட்டுகிற தண்ணீர் எவ்வளவு என்று மனைவி கேட்டதும் அதை விட்டுவிட்டார். கறி மீன் சமைத்தால் நாற்றமடிக்குமே என்றார். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மட்டும் என்ன வேகிறதாம் என்று நான் கேட்டேன். கடைசியில் கேட் விஷயத்துக்கு வந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு வருகிறவனுக்கு யார் எழுந்து திறப்பது? சாவி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. அதுவரைக்கும் அம்மா சம்மதித்துவிட்டார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாவி போடுகிறவர் இருக்கிறார், கையோடு செய்து தந்துவிடுவார். எத்தனை சாவி என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. நாலு பையன் என்றால் நாலு சாவி என்கிறாள் மனைவி. ஒன்று போதும், அதை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் அம்மா.