அவையின் திறவுகோல்

போர்க்காலத்தில் நாடாளுமன்றத்திற்கு விடுமுறை தகுமா என்று வினவினால், தகாது என்றே எவரும் விடை பகர்வர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 1939இல் பிரிட்டிஷ் மக்களவையில் நிகழ்ந்த ஒரு விவாதத்தைப் படித்த பின்னரோ, வினாவே வேறு என்று தோன்றுகிறது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள். ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கியாயிற்று. அடுத்தது போலந்து என்னும் அச்சம் எங்கும் பரவியிருந்தது. அந்நிலையில் பிரதமர் சேம்பர்லின், அக்டோபர் 3 வரை அவையை ஒத்திவைக்க முன்மொழிந்தார். ஆகஸ்ட் 21லேயே கூடவேண்டும் என்று எதிர்க்கட்சியின் கிரீன்வுட் திருத்தம் கொணர்ந்தார். ஆளுங்கட்சியினரான சர்ச்சிலும் நீண்ட விடுமுறையைக் கடிந்துரைத்தார். பிரதமரோ அதனைத் தம்மீதான நம்பிக்கை வாக்காகவே கொண்டார். அவர் கட்சியின் இளம் உறுப்பினர் ரொனால்டு கார்ட்லண்டு எழுந்து, ஒரு மாதத்திற்குள் நாம் போரிட்டு மடிய நேரலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். எனினும் 250க்கு 132 என்னும் கணக்கில் பிரதமரே வென்றார்.

விடுமுறை நீடிக்கவில்லை. ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொள்ளும் செய்தி வரவே, ஆகஸ்ட் 24இல் அவை அவசரமாகக் கூட்டப்பட்டது. 'தேவைப்பட்டபோது கூட்டினாரே, பிறகென்ன?' என்பார் உளர். புறக்கணிக்கத்தக்க வாதமன்று அது. ஆனால், கூடிய அவை செய்தது யாது? அரசுக்குப் பரந்த அதிகாரங்களை அளிக்கும் அவசரகாலச் சட்டத்தை அந்த ஒரே நாளில் நிறைவேற்றியது. காலந்தாழ்த்தி அழைக்கப்படும் அவைக்கு ஆராய நேரமிராது, தலையசைக்கவே நேரமிருக்கும்.

ஓய்வு குற்றமன்று. உறுப்பினரும் மனிதரே, தொகுதி மக்களை நேரில் காண்பதும் அவர் கடமையே. 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுகளால் தம் அவைக்கூடமே அழிந்தபோது வேறிடத்தில் கூடிப் பணியைத் தொடர்ந்தவர்களும், அப்போராண்டுகளில் இடையிடையே விடுமுறை கொள்ளாமல் இல்லை. கேள்வியெல்லாம் திறவுகோல் எவர் கையில் என்பதே. எவருடைய செயலை அவை கண்காணிக்க வேண்டுமோ அவரே அதனைப் பூட்டவும் திறக்கவும் வல்லவரானால், அவை அவர் வீட்டின் ஓர் அறையாகிவிடும். மக்கள் தந்த வாக்கு ஓர் அமானிதம். அதனை இரண்டு மாதம் பிரதமரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்ல உறுப்பினருக்கு உரிமையில்லை என்பது நம் துணிபு.

கார்ட்லண்டு பேசி ஒரு மாதமும் ஒரு நாளும் கழிந்து, செப்டம்பர் 3இல் பிரிட்டன் போரில் இறங்கியது. 1940 மே இறுதியில், டன்கர்க் நோக்கிய பின்வாங்கலின்போது அவர் கொல்லப்பட்டார். வயது 33. அந்த 250 பேரில் அவர் இல்லை. அன்று அவர் வாக்களியாது ஒதுங்கியிருந்தார்.