கங்கையில் குளித்துத் திரும்பிய வேல்

ஐப்பசி சஷ்டியன்று மாலை திருச்செந்தூர்க் கடற்கரையில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே யானைமுகத்தோடு அசுரன் தாரகன் வருவான், முருகனின் வேல் பாயும், தலை விழும். அடுத்துச் சிங்கமுகன். அதற்கடுத்துச் சூரபத்மன், தன் சொந்த முகத்தோடு. கடைசியில் மாமரம். மரம் பிளந்ததும் எழும் அரோகரா கோஷத்தில் அலைச்சத்தம் அமுங்கிப்போகும். ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் அப்படியே கடலில் இறங்கி முழுகுவார்கள்.

ஆயுதத்தை இவ்வளவு மனதாரக் கொண்டாடும் விழா தென்னாட்டில் வேறு இல்லை. ஆனால் கூட்டம் கரைந்தபின் வரிசையில் நின்று கருவறைக்குள் பார்க்கிறவருக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது. மூலவர் நிற்பது தவக்கோலத்தில். சடைமுடி, ஜபமாலை, கையில் ஒரு தாமரை. சூரனை வென்றபின் தந்தைக்குப் பூசை செய்கிற நிலை அது என்பது கோயில் மரபு. அவர் பூசித்த பஞ்சலிங்கங்கள் கருவறைக்குப் பின்னால் இருக்கின்றன. வெற்றிக்கு நன்றி சொல்லும் பூசை என்பார் சிலர். கொன்ற பழி தீரச் செய்த பூசை என்பார் வேறு சிலர். அசுரனேயானாலும் உயிர் உயிர்தானே என்கிற உறுத்தல் இந்த இரண்டாவது விளக்கத்துக்குள் இருக்கிறது.

கடற்கரையில் வேல், கருவறையில் பூ. ஒரே சாமி, ஒரே ஊர், நடுவே சில நூறு அடி. ஆயுதத்தைப் பற்றி இன்று அமெரிக்கா மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு இங்கே ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பதில் தப்பில்லை.

அங்கே கேள்வி என்னவோ எளிமையானதுதான். சுட்டது துப்பாக்கியா, மனிதனா? துப்பாக்கி வெறும் இரும்பு, குற்றம் முழுவதும் கையில்தான் என்கிறது ஒரு கட்சி. இரும்பு இல்லாவிட்டால் கை என்ன செய்துவிடும் என்கிறது மறு கட்சி. 2017-இல் எடுத்த ஒரு கணக்கில் அமெரிக்கப் பொதுமக்கள் கையில் மட்டும் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. அந்த நாட்டின் மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது. 2023-இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அதில் 27,000 பேருக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வாதம் சூடாகும்போதெல்லாம் இந்த இரண்டாவது எண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

‘வெறும் இரும்பு’ என்ற வாதம் திருநெல்வேலிச் சீமையில் எடுபடாது. சரஸ்வதி பூஜையன்று இங்கே அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து மாலை போடுவார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. மறுநாள்தான் கை வைப்பார்கள். கருவி சும்மா கிடக்கிற பொருள் என்று நம்புகிறவன் அதற்குக் குங்குமம் இடமாட்டான். எடுத்தவன் கையை அது இழுக்கும் என்ற பயமும் மரியாதையும் கலந்த நம்பிக்கை அது.

சரி, ஆயுதத்தில் தெய்வம் இருக்கிறது என்றால் அதை யாரும் கட்டுப்படுத்தக் கூடாது என்று ஆகிவிடாதா? அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வேய்ன் லாபியர் இதைத்தான் சொன்னார். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம்தான் கடந்திருந்த நேரம். ஒரு மாநாட்டு மேடையில், ஆயுதம் ஏந்தும் உரிமை மனிதர் தந்ததன்று, அமெரிக்கர்களுக்குக் கடவுள் தந்தது என்று முழங்கினார்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் உடனே ஒரு சந்தேகம் வரும். கடவுள் தந்த ஆயுதம் சூரபத்மனிடமும் இருந்ததே! கடுந்தவமும் வேள்வியும் செய்து, படைக்கலங்களையும் இந்திரஞாலத் தேரையும் ஆயிரத்தெட்டு அண்டங்களின் ஆட்சியையும் சிவனிடமே வாங்கியவன் அவன். முருகனுக்கு வேல் கொடுத்ததும் அதே குடும்பம்தான். ஆக, ‘யார் கொடுத்தார்’ என்ற கேள்விக்கு இரண்டு தரப்பும் ஒரே பதிலைச் சொல்லும். அதை வைத்துத் தேவனையும் அசுரனையும் பிரிக்க முடியாது.

பிரிப்பது வேறு. வேலை எறிவதற்கு முன் முருகன் வீரபாகுவைத் தூது அனுப்பினார். தூது போனவருக்குத் திருச்செந்தூரில் இன்றும் தனி மரியாதை உண்டு. ஊருக்கே வீரபாகு பட்டினம் என்று ஒரு பெயர். எறிந்த பிறகு நடந்தது இன்னும் முக்கியம். சூரனைப் பிளந்த வேல் நெருப்பு வடிவத்தை விட்டு, அருள் வடிவம் கொண்டு, வானத்துக் கங்கையில் மூழ்கிக் குளித்து, முருகன் கைக்கே திரும்பி வந்ததாகப் புராணம் சொல்கிறது. கொன்ற ஆயுதம் கழுவப்படுகிறது. யார் கையிலிருந்து புறப்பட்டதோ அந்தக் கைக்கே வந்து சேர்கிறது. எங்கே போனது, யார் அனுப்பினார் என்று எவரும் தேட வேண்டியதில்லை. அனுப்பியவரும் மறுக்கவில்லை, பூவோடு போய் நின்றார்.

அமெரிக்கத் துப்பாக்கிக்கு இந்தத் திரும்பி வரும் வழிதான் இல்லை. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யார் வாங்கியது என்று தேட மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு மத்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்குமான துப்பாக்கிப் பதிவேடு வைத்துக்கொள்ள 1986-இன் சட்டம் அரசைத் தடுக்கிறது. மூடிப்போன கடைகளின் விற்பனைத் தாள்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்து, பெயரைத் தட்டினால் வரும்படி கணினியில் ஏற்றக்கூடாது என்ற தடைக்கு உட்பட்டு, ஊழியர்கள் தேடுகிறார்கள். நிலவில் ஆளை இறக்கிய நாடு!

நம் ஊரில் உரிமம் வாங்குவது கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்குமாக நடக்கிற நடை. 1959-இன் ஆயுதச் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. தேர்தல் அறிவித்துவிட்டால் அதையும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்து, தேர்தல் முடிந்தபின் திரும்ப வாங்க வேண்டும். அலுத்துக்கொண்டாலும் கொடுப்பார்கள்.

இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை அவ்வளவு அழகாக இருக்காது.

பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமை முழுக்க ஈட்டியும் துப்பாக்கியும்தான். கட்டபொம்மன் செந்தூர் முருகனின் அடியார். கோயிலில் பூசை நடந்ததும் வழிநெடுக உள்ள மண்டபங்களின் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சேதி சொல்லும், அதன் பிறகே அவர் சாப்பிடுவார் என்பது மரபுக் கதை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் தம்பி ஊமைத்துரையின் எழுச்சியும் அடக்கப்பட்டபின், அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும், கும்பெனி அனுமதித்தவை தவிர மற்றத் தாக்கும் ஆயுதங்கள் எதையும் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1881-இல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் காலத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வேலைக் கும்பிடுகிற நாட்டில் ஈட்டி குற்றமாயிற்று.

1878-இன் ஆயுதச் சட்டம் இதை நாடு முழுக்கப் பரப்பியது. காந்தியே இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கேடுகளிலேயே மிகக் கறுத்தது என்று எழுதினார். அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் அந்த வாக்கியத்தை ஆசையோடு எடுத்துக் காட்டுவது வழக்கம். அது 1918-இல் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்க்க அவர் எழுதிய துண்டறிக்கையில் வருவது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வாதத்தில் ஒரு பகுதியைத் தள்ளிவிட முடியாது. குடிகள் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கி அரசு தன் கையில் வைத்துக்கொண்டால், அந்தக் கையை யார் பிடிப்பது?

திருச்செந்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியானார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சுட்டதை நியாயமற்றது என்று கண்டு, 17 போலீஸார்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. பதிவேட்டில் கணக்கு வைக்கப்படும் அரசுத் துப்பாக்கிகள்தான் அவையும். அவற்றைக் கங்கையில் குளிப்பாட்டியது யார்?

இன்னொரு பக்கம், தனிமனிதன் தர்மத்தின் பெயரால் எடுத்த துப்பாக்கியும் இந்த வட்டாரத்தில் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பெல்ஜியம் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிறகு நிலையத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தைக் காக்க இதைச் செய்வதாகச் சொன்னது. அவர் சுடப் பழகியது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். அன்று அது ஃபிரெஞ்சு மண், அங்கே ஆங்கிலேயச் சட்டம் செல்லாது. சிகாகோ நகரம் எவ்வளவு கடுமையாகச் சட்டம் போட்டாலும் பக்கத்து இந்தியானாவில் வாங்கிய துப்பாக்கிகள் அங்கே வந்துகொண்டே இருக்கின்றனவே, அதே சங்கதி. வாஞ்சியைத் தியாகி என்பவர்களும் உண்டு, அந்தக் கடிதத்தின் சாதிச் சாயலைச் சுட்டுபவர்களும் உண்டு. ரயில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி ஆகிவிட்டது. ஆனால் ஒன்று: எடுத்ததற்கான கணக்கை, சரியோ தப்போ, வாஞ்சி தன் உடம்பிலேயே எழுதினார்.

இன்றைய திருநெல்வேலியின் சிக்கல் துப்பாக்கியில் இல்லை, அரிவாளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய பள்ளித் தோழர்கள், காரணம் சாதி. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். பென்சில் தகராறு என்று செய்திகள் சொல்லின. குறுக்கே விழுந்து தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. அப்போதும் ஊரில் அதே பேச்சுதான்: அருவா என்ன செய்யும், வளர்ப்பு சரியில்லை.

வளர்ப்பு சரியில்லைதான். நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. அது சரியான இடத்தில் கை வைத்தது என்றே தோன்றுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத்தார் வெட்ட அரிவாள் வேண்டும், கயிறு எதற்கும் வேண்டாம்.

என்றாலும் கருவிக்குக் கணக்கே இல்லையா? மேலே சொன்ன இரண்டு சம்பவங்களிலும் அரிவாள் வெட்டுப்பட்ட நான்கு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் பள்ளி வாசலில் 23 குழந்தைகளைக் கத்தியால் குத்தினான். ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. அதே தேதியில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கியோடு நுழைந்தவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றான். இரண்டு கையிலும் இருந்த வெறியை எடைபோட யாராலும் முடியாது. கையில் இருந்ததை எடைபோடலாம்.

தற்கொலைகளுக்கும் இதே கணக்குதான், அதற்குச் சான்று கடல் தாண்டி இலங்கையில் இருக்கிறது. 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று அது, பெரும்பாலும் பூச்சிமருந்து. 1995-இல் மிகக் கொடிய மருந்துகளையும் 1998-இல் எண்டோசல்பானையும் அரசு தடுத்தது. பத்தே ஆண்டில் தற்கொலை விகிதம் பாதியாக இறங்கியது. யாருடைய துக்கத்தையும் அரசு தீர்த்துவிடவில்லை. உள்நாட்டுப் போர் முடியவில்லை, கடன் குறையவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தது, அவ்வளவே. அமெரிக்காவில் தங்களைச் சுட்டுக்கொள்ளும் 27,000 பேரைப் பற்றி ‘இரும்பா, கையா’ என்று வாதிடுகிறவர்கள் ஒருநாள் யாழ்ப்பாணத்துப் பக்கம் போய் வரலாம்.

சம்ஹாரம் முடிந்த இரவு திருச்செந்தூரில் ஒரு சடங்கு நடக்கும். வெளியூர்க்காரர்கள் பலர் அதற்குள் பஸ் பிடிக்க ஓடியிருப்பார்கள். சூரனை வதைத்த முருகன், அதாவது உற்சவர் ஜெயந்திநாதர், நேரே தன் இடத்துக்குப் போவதில்லை. 108 மகாதேவர் சன்னிதிக்கு முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எதிரே ஒரு கண்ணாடி வைப்பார்கள். அபிஷேகம் அவருக்கு இல்லை, கண்ணாடியில் தெரியும் அவர் உருவத்துக்கு. சாயாபிஷேகம் என்று பெயர். போர் முடித்து வந்தவர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணாடியில் பாலும் தண்ணீரும் வழியும். திருக்கல்யாணமெல்லாம் அடுத்த நாள்தான்.