எந்த வினையின் பலன் இது?

ஆரணியில் தறிவீட்டுப் பெண் ஒருத்திக்குக் கருப்பைவாயில் கட்டி என்று தெரிந்தால், "எந்த டாக்டரிடம் காட்டினார்கள்?" என்பதற்கு முன்பே "என்ன பாவம் செய்தாளோ!" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. ஆரணியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். நோய் வந்த இடம் கருப்பை என்பதால் அவள் நடத்தைமீதும் சந்தேகம் விழுகிறது.

மிக அரிதாக, அந்தக் கட்டி இரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், கழுத்திலோ அக்குளிலோ தலைகாட்டாமல் நேரே கருப்பைவாயிலோ சினைப்பையிலோ தொடங்கிவிடுகிறது. வெள்ளணு ஒன்றின் மரபணுவில் நேர்ந்த பிழைதான் அதன் வேர். ஒழுக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. இந்தக் கட்டி மேல்தோலுக்கு அடியில் வளர்வதால், கருப்பைவாயின் மேற்பரப்புச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையில் அடிக்கடி தப்பிவிடும். ஆழத்திலிருந்து சதை எடுத்துச் சோதித்தால்தான் (பயாப்சி) பிடிபடும். பிடிபட்டால் சிகிச்சையே வேறு: பெரும்பாலும் கருப்பையை எடுக்காமல் கீமோதெரபி, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் குணப்படுத்த முயல்கிறார்கள். பலர் பிழைக்கிறார்கள்.

அப்படியானால் வினை?

ஆரணிக்குப் பக்கத்துப் பூண்டியில் பொன்னெழில்நாதர் ஜினாலயம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். வினையைச் சமணத்தைப்போல் நுணுக்கமாக வகுத்த மரபு அரிது. உயிரில் ஒட்டும் நுண்பொருள் என்றே அதைச் சொல்கிறது. துன்பம் தரும் வினைக்கு அசாதா வேதனீயம் என்று தனிப்பெயரும் இட்டிருக்கிறது. அதே சமணம்தான் நால்வகைத் தானங்களில் மருந்து கொடுக்கும் ஔஷத தானத்தையும் வைத்தது. அனுபவித்தே தீர்க்கட்டும் என்று நோயாளியைக் கைவிட அதற்கு மனம் வரவில்லை.

புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மனிதன் படுவதெல்லாம் முன்வினையால்தானா என்று மோலிய சீவகன் என்ற துறவி ராஜகிருகத்தில் கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் முதலான ஏழு காரணங்களை அடுக்கிவிட்டு எட்டாவதாகத்தான் வினையைச் சொன்னார்.

வினையை நம்புகிறவர் நம்பட்டும். அடுத்தவளின் முற்பிறவியைப் படிக்கும் கண் யாருக்கும் இல்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவள் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டி வளர்கிறது. அந்தப் பாவம் பேசியவர்கள் கணக்கில்தான் ஏறும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆரணியிலிருந்து சுமார் 40 கி.மீ.தான். இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே அங்கு 1986 முதல் நடக்கிறது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் உடனே காட்டுங்கள். ஸ்மியர் சரியாக வந்தும் இரத்தப்போக்கு நிற்காவிட்டால், பயாப்சி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.