நல்லவர் என்றால், நல்ல எவர்?

ஆங்கிலத்தில் ‘குட்’ என்ற பெயரடைக்கு ஓய்வே கிடையாது. கத்தி, காபி, மழை, மருத்துவர், செய்தி, மனசாட்சி என எதற்கு முன்னாலும் வந்து நிற்கும். அதையே கடவுளுக்கும் சூட்டி ‘காட் இஸ் குட்’ என்கிறார்கள். கத்தியைப் பற்றிச் சொல்லும்போது அதன் பொருள் குறித்து யாரும் சண்டை போடுவதில்லை. கடவுளைப் பற்றிச் சொல்லும்போதோ அறிஞர்களே முட்டிக்கொள்கிறார்கள். 1858இல் ஆக்ஸ்ஃபோர்டில் பாம்ப்டன் சொற்பொழிவுகளை ஆற்றிய ஹென்றி மான்சல், எல்லையற்ற பரம்பொருளை எல்லைக்குட்பட்ட மனித அறிவு எட்ட முடியாது, ஆகவே மனித அறத்தின் உச்சத்தைக் கொண்டும் கடவுளின் நற்குணத்தை அளக்கக் கூடாது என்று வாதிட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1865இல் இதற்கு மறுப்பு எழுதினார். சக மனிதரைச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதே பொருளில் நல்லவராக இல்லாத எவரையும் நல்லவர் என்று அழைக்கமாட்டேன், அதற்குத் தண்டனை நரகமானாலும் சரி என்பது அவர் நிலை. அதே ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் தேர்தலுக்கு நின்ற அவருக்கு எதிராக இந்தப் பகுதி பயன்படுத்தப்பட்டது. ஆனாலும் வென்றார்.

மில்லின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொருள் தெரியாத சொல்லால் ஒருவரைப் புகழ்வது முகஸ்துதி. ஆனால் மனிதரிடையே ‘நல்ல’ என்பதற்கு ஒரே பொருள்தான், அதைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தால் போதும் என்று அவர் எண்ணியதுபோல் தெரிகிறது. அங்கேதான் சிக்கல். நல்ல நீதிபதியிடம் நாம் எதிர்பார்ப்பதும் நல்ல தாயிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. நல்ல வேவுகாரரிடம் எதிர்பார்ப்பது இரண்டிலும் சேராது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுவது பீட்டர் கீச் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1956இல் ‘அனாலிசிஸ்’ இதழில் எழுதிய ‘நன்மையும் தீமையும்’ என்ற சிறு கட்டுரை. பெயரடைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது அவர் கண்டது. ‘அது சிவப்புக் கார்’ என்றால் அது சிவப்பு, அது கார் என்று இரண்டாகப் பிரிக்கலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கார் என்றே தெரியாவிட்டாலும் சிவப்பு என்பது தெரியும். ‘பெரிய தெள்ளுப்பூச்சி’ அப்படிப் பிரியாது. பிரித்தால், தெள்ளுப்பூச்சியும் ஒரு பிராணிதானே, ஆகவே அது பெரிய பிராணி என்று ஆகிவிடும். எதில் பெரியது என்று தெரியாமல் பெரியதா என்று சொல்ல முடியாது. ‘குட்’ இந்த இரண்டாம் வகை என்றார் கீச். பெயர்ச்சொல்தான் அளவுகோலைத் தருகிறது. நல்ல கத்தி வெட்ட வேண்டும், நல்ல கடிகாரம் நேரம் காட்ட வேண்டும். பெயர்ச்சொல் வாக்கியத்தில் இல்லாவிட்டால் சூழலிலிருந்து அதைப் பிடித்துக்கொள்கிறோம். ‘நல்ல’ என்பதைப் பெயரெச்சம் என்று வகைப்படுத்தும் இலக்கணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நீதிபதி, தாய், மருத்துவர் எல்லாருக்கும் அடியில் ‘நல்ல மனிதர்’ என்ற பொது அளவுகோல் ஒன்று உண்டே, மில் சொன்னது அதைத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும். அதுவும் ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துத்தான் நிற்கிறது. கடவுள் மனிதரல்லர் என்பதில் மான்சலுக்கும் மில்லுக்கும் வேறுபாடில்லை. ஆகவே ‘கடவுள் நல்லவர்’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும், உண்மையா பொய்யா என்பதற்கு முன்னால், நல்ல எவர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல தகப்பனா, நல்ல நீதிபதியா, நல்ல சிற்பியா, நல்ல அரசனா? பக்தி மொழியில் இத்தனை பெயர்களும் புழங்குகின்றன. இதில் தவறில்லை. புகழும்போது ஒரு பெயரும் வாதாடும்போது இன்னொரு பெயருமாக மாற்றிக்கொள்வதுதான் தவறு. தகப்பன் என்று சொல்லி நன்றியையும் நம்பிக்கையையும் பெற்றுக்கொண்டு, குழந்தை ஏன் இறந்தது என்று கேட்டதும், படைத்தவரைப் படைப்பு கேள்வி கேட்கலாமா என்று திருப்பினால், இடையில் பெயர்ச்சொல் மாறிவிட்டது. அதனுடன் அளவுகோலும் மாறிவிட்டது. ‘நல்லவர்’ என்ற சொல் அப்படியே இருப்பதால் மாற்றம் கண்ணில் படுவதில்லை.

இந்த மாற்றத்தை நெருக்கத்தில் பார்க்க விவிலியத்தின் யோபு நூலைவிடச் சிறந்த இடமில்லை. ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபு, கடவுளிடம் கேட்பது வழக்கு விசாரணை. தன்மேல் என்ன குற்றச்சாட்டு, எழுதித் தரட்டும் என்கிறார். அவர் அழைப்பது நீதிபதியை. நண்பர்கள் எலிப்பாசும் மற்றவர்களும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டு உண்மையை வளைக்கிறார்கள்: நீதிபதி நீதியானவர், ஆகவே நீ குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும். 38ஆம் அதிகாரத்தில் புயலுக்குள்ளிருந்து பதில் வருகிறது. பூமிக்கு அடித்தளம் போட்டது யார், கடலுக்குக் கதவு வைத்தது யார், பனியின் கிடங்குகளைக் கண்டாயா என்று கேள்விமேல் கேள்வி. தீக்கோழி வருகிறது, பிகெமோத், லிவியாதான் என்ற பெருவிலங்குகள் வருகின்றன. இறந்த பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீதிபதியை அழைத்தவருக்குச் சிற்பி வந்து பதில் சொல்கிறார். யோபு அடங்குகிறார். ஆனால் நூல் அங்கே முடியவில்லை. கடைசி அதிகாரத்தில் கடவுள் எலிப்பாசைப் பார்த்து, யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் தவறினார்கள், வழக்குப் போட்டவர் தவறவில்லை. பெயரையும் விடாமல், நடந்ததையும் மறைக்காமல் நின்றவருக்கே அந்த நூல் சான்றிதழ் தருகிறது.

சிற்பி என்ற பெயருக்குள் ஒதுங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு டேவிட் ஹியூம் பதில் வைத்திருக்கிறார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779இல் வெளிவந்த ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்க’ளில் ஃபைலோ என்ற பாத்திரம் ஒரு மாளிகையைக் காட்டுகிறது. அதில் ஓர் அறைகூட வசதியாக இல்லை. சன்னல், கதவு, படிக்கட்டு எல்லாம் இரைச்சலுக்கும் இருட்டுக்கும் களைப்புக்கும் காரணமாகின்றன. இதை மாற்றினால் அது கெடும் என்று கட்டிடக் கலைஞர் நுணுக்கமாக விளக்கலாம். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் திறமையும் நல்லெண்ணமும் உள்ளவர் முழுத் திட்டத்தையே வேறு மாதிரி வகுத்திருப்பார் என்றுதான் நாம் சொல்வோம். ஹியூமின் வாதம் முடிவானதா என்பது வேறு விஷயம். படைத்தவர் என்ற பெயரும் அளவுகோலோடுதான் வருகிறது, கேள்வி கேட்கப்படாத பெயர்ச்சொல் என்று ஒன்று இல்லை என்பதை அது காட்டிவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு தாமஸ் அக்குவினாஸிடமிருந்து வரும். கடவுள் எந்த இனத்திலும் வகையிலும் அடங்கமாட்டார் என்பது அவருடைய ‘சும்மா தியாலஜியே’வின் அடிப்படைகளில் ஒன்று. வகையே இல்லாதவரிடம் வகைக்குரிய அளவுகோலைக் கேட்பதெப்படி? கடவுளைக் குறித்துச் சொல்லும் சொற்கள் மனிதரைக் குறித்துச் சொல்லும் அதே பொருளிலும் வருவதில்லை, முற்றிலும் வேறு பொருளிலும் வருவதில்லை, ஒப்புமையில் வருகின்றன என்றார் அவர். உடலை ஆரோக்கியமானது என்கிறோம். அந்த ஆரோக்கியத்தைத் தருவதால் மருந்தையும், அதைக் காட்டுவதால் சிறுநீரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். நுட்பமான விளக்கம். ஆனால் நன்மைகளுக்குக் காரணமாக இருப்பதால் மட்டுமே கடவுளை நல்லவர் என்கிறோம் என்று கொண்டால், உடல்களுக்கும் காரணமாக இருப்பதால் அவரை உடல் என்றும் சொல்லலாமே என்று அக்குவினாஸே அதை மறுத்துவிட்டார். கடவுளிடம் நன்மை மூலமாக, உயர்ந்த முறையில் இருக்கிறது என்பது அவர் முடிவு. அந்த உயர்ந்த முறை என்னவென்று நமக்கு எட்டாது என்றும் ஒத்துக்கொள்கிறார்.

நம் காலத்தில் பிரையன் டேவிஸ் போன்ற, அக்குவினாஸைப் பின்பற்றும் தோமிசத் தத்துவவாதிகள் இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். கடவுள் கடமைகளுக்குக் கட்டுப்பட்ட அறவழி நடப்பவர் அல்லர், ஆகவே அவரை நல்நடத்தைக்காரர் என்றோ தீநடத்தைக்காரர் என்றோ மதிப்பிடுவதே பொருந்தாது என்கிறார்கள். இது நேர்மையான நிலை. நல்ல கடவுள் இருந்தால் தீமை ஏன் என்று கேட்கும் தீமைப் பிரச்சினை இதன்மேல் பாய்வதில்லை. ஆனால் விலை கொடுத்தாக வேண்டும். நடத்தையால் அளக்க முடியாதவர் என்று ஒருவரைச் சொன்ன பிறகு, அவர் கைவிடமாட்டார், வாக்குத் தவறமாட்டார் என்று ஆறுதல் சொல்ல முடியாது. அந்த ஆறுதல்கள் எல்லாம் நடத்தையைப் பற்றியவை. மண்டபத்தில் அக்குவினாஸும் மரண வீட்டில் தகப்பனும் என்று இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ள இந்த நிலை இடம் தராது.

ஒருவரே பல பெயர்ச்சொற்களைத் தாங்கக் கூடாதா என்பது அடுத்த மறுப்பு. தகப்பனாகவும் நீதிபதியாகவும் இருப்பவர்கள் உலகில் உண்டே. உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர் இரண்டு அளவுகோலிலும் தேற வேண்டும், ஒன்றில் வாங்கிய மதிப்பெண்ணை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. தன் மகனின் வழக்கு வந்தால் நீதிபதி விலகிக்கொள்வதற்குக் காரணமே இரண்டு பெயர்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் இழுப்பதுதான். பெயர்கள் கூடக் கூடக் கடவுளின் பொறுப்பும் கூடுகிறது.

மிக இயல்பாக எழும் மறுப்பு வேறொன்று. ஊசி போடக் கொண்டுபோகும் தகப்பனைக் குழந்தை புரிந்துகொள்ளாது, அதுபோல நாமும் புரிந்துகொள்ளவில்லை என்பது. இது பெயரை மாற்றவில்லை, தகப்பன் என்பதையே பிடித்துக்கொள்கிறது. ஆகவே மதிக்கத்தக்கது. ஆனால் தகப்பனின் அளவுகோல் முழுதாக இதற்குப் பொருந்தும். 1950இல் தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ எழுப்பிய சவால் இந்த இடத்தில்தான் குத்தியது. தொண்டைப் புற்றுநோயால் சாகும் குழந்தைக்காக மண்ணுலகத் தகப்பன் பதறி ஓடுகிறான், விண்ணுலகத் தகப்பனிடம் ஒரு சலனமும் தெரியவில்லை. அவர் அன்பு மனித அன்பு போன்றதல்ல என்று ஒவ்வொரு திருத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அந்தக் கூற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை என்றார் ஃப்ளூ. அதே விவாதத்தில் பேசில் மிட்செல் வேறு கதை சொன்னார். எதிரி பிடித்த நாட்டில் போராளி ஒருவன் ஓரிரவு ஓர் அந்நியரைச் சந்தித்துப் பேசி, அவர் நம் பக்கத்து ஆள் என்று முழுதாக நம்புகிறான். பிறகு அந்த அந்நியர் சிலசமயம் போராளிகளுக்கு உதவுகிறார். சிலசமயம் போலீஸ் உடையில் அவர்களைப் பிடித்துக் கொடுக்கிறார். போராளி நம்பிக்கையை விடவில்லை. ஆனால் நடப்பது தன் நம்பிக்கைக்கு எதிரான சான்றுதான் என்பதையும் மறுக்கவில்லை. மிட்செலின் பலம் இதில் இருக்கிறது. ‘நம் பக்கத்து ஆள்’ என்பதன் பொருளை அவர் தளர்த்தவே இல்லை.

தமிழ்ச் சைவ சித்தாந்தத்தையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். குயவன் உவமை கிறித்தவம், சைவம் என்ற இரு மரபிலும் உண்டு, பயன்தான் வேறு. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் அதைக் களிமண்ணின் கேள்வியை அடக்கப் பயன்படுத்துகிறார். மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தமோ குயவனின் பொறுப்புக்கு எல்லை வகுக்கப் பயன்படுத்துகிறது: குயவன் நிமித்த காரணன், மண்ணை அவன் உண்டாக்கவில்லை. உயிரைப் பிடித்த ஆணவ மலம் என்ற அழுக்கும் இறைவன் தந்ததல்ல, அநாதியானது. அவன் நோயைத் தந்தவன் அல்லன், தீர்ப்பவன். மருத்துவன் என்ற பெயருக்கும் கேள்விகள் உண்டு, சிகிச்சை ஏன் இத்தனை பிறவிகள் நீள வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. மலம் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்ற மலபரிபாக விடை போதுமா என்று வாதிடலாம். ஆனால் பெயர்ச்சொல் வெளிப்படையாக இருக்கிறது, அதற்கான விலையும் கொடுக்கப்பட்டுவிட்டது: இல்லாததிலிருந்து எல்லாவற்றையும் படைத்தவன் என்ற பெருமையை இந்த மரபு இறைவனுக்குச் சூட்டவில்லை.

கீச்சின் இலக்கணம் கடவுள் நல்லவரல்லர் என்று நிரூபிக்கவில்லை. கத்தோலிக்கரான கீச்சுக்கு அப்படி ஒரு நோக்கமும் இல்லை. மறுப்பவருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. தகப்பனுக்கு எதிரான சான்றைக் காட்டிவிட்டு டேவிஸின் கடவுளையும் வீழ்த்திவிட்டதாக ஃப்ளூ சொல்லிக்கொள்ள முடியாது. இந்த வாதம் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டோமோ அந்தப் பெயரிலேயே பதிலும் வர வேண்டும். தகப்பன் என்று அழைத்தவர், விடை கிடைக்காதபோதும் அந்தப் பெயரிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தால், அவரை முகஸ்துதிக்காரர் என்று மில்லாலும் சொல்ல முடியாது. அந்தப் பெயரைக் கைவிட்டவர், அது ஈட்டித் தந்த புகழையும் கைவிட்டாக வேண்டும்.