கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணாதீர்கள்

(அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம், 2-ம் அதிகாரம், 41 முதல் 52 வரையுள்ள வசனங்களின் பேரில் ஞானோபதேசம்)



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விடுகிற நாட்களிலேயே நம்முடைய கரையில் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிடுகிறது. ஏப்ரல் 15-ந் தேதி தொடங்கி ஜூன் 14-ந் தேதி முடிய 61 நாளும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கின்றன. தகப்பனுக்குக் கடல் வேலையில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை. ஆகையால் கட்டுமாவடியிலும் அதைச் சுற்றிலுமுள்ள ஊர்களிலும் அநேகக் குடும்பங்கள் இந்த நாட்களில்தான் உறவினரைப் பார்க்கப் புறப்படுகின்றன. சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை தாண்டி வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் வரைக்கும் போகிறார்கள். சிலர் தெற்கே மணமேல்குடி, மீமிசல், தொண்டி வழியாய் இராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிறார்கள். இன்னும் சிலர் மேற்கே அறந்தாங்கி போய், அங்கிருந்து புதுக்கோட்டை, திருச்சி என்று போகிறார்கள்.

போய் வாருங்கள், அது நல்ல காரியம். கன்னிமரியம்மாளே தம்முடைய உறவினளாகிய எலிசபெத்தம்மாளைப் பார்க்க மலைநாட்டுக்கு நெடுவழி நடந்து போனார்களல்லவா? அந்தச் சந்திப்பின் திருநாள் முன்னாளில் ஜூலை 2-ந் தேதி கொண்டாடப்பட்டது. 1969-ம் ஆண்டில் திருச்சபையின் பஞ்சாங்கம் திருத்தப்பட்டது முதல் மே 31-ந் தேதி, அதாவது நம் விடுமுறை முடியும் தறுவாயில், அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் பெற்றோர்களே, பிள்ளைகளோடு வழிப்பயணம் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய வேறொரு பயணமும் சுவிசேஷத்தில் உண்டு. அதைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

சேசு பாலனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தேவதாயும் சூசையப்பரும் வழக்கப்படி பாஸ்குத் திருநாளுக்காக ஜெருசலேமுக்குப் போனார்கள். நசரேத்திலிருந்து ஜெருசலேமுக்குச் சுமார் 120 கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று நான்கு நாள் நடை. தனித்துப் போகிற காலமல்ல அது. உற்றார் உறவினர், ஊரார் எல்லாரும் கூட்டமாய்ப் போய்க் கூட்டமாய்த் திரும்புவார்கள். திருநாள் முடிந்து திரும்பும்போது பாலன் ஜெருசலேமிலேயே தங்கிவிட்டார். பெற்றோர் அதை அறியவில்லை. கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் பயணம் நடந்துவிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாய் நடந்தபடியால், பிள்ளை தகப்பனோடு இருக்கிறதென்று தாயும், தாயோடு இருக்கிறதென்று தகப்பனும் எண்ணியிருக்கலாம் என்று வேதவியாக்கியானிகள் பலர் சொல்லுகிறார்கள். பிறகு உறவினரிடத்திலும் அறிமுகமானவர்களிடத்திலும் தேடினார்கள், காணவில்லை. திரும்ப ஜெருசலேமுக்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் தேவாலயத்தில், வேதசாஸ்திரிகள் நடுவில், அவரைக் கண்டடைந்தார்கள்.

தேவதாயிடத்திலும் சூசையப்பரிடத்திலும் அசட்டை இருந்ததென்று நாம் சொல்லத் துணியலாகாது. பரமபிதாவின் காரியத்துக்காகவே பாலன் பின்தங்கினார். ஆனால் ஒன்று யோசியுங்கள். அவ்வளவு அர்ச்சியசிஷ்டமான பெற்றோருக்கே கூட்டத்தின் நடுவில் பிள்ளை கண்ணுக்கு மறைந்துபோகக் கூடுமானால், நம்மைப் போன்றவர்களுக்கு எத்தனை சுலபமாய் அது நேரிடும்! கூட்டம் பிள்ளையைக் காப்பாற்றாது, நீங்கள்தான் காப்பாற்றவேண்டும்.

முதலாவது, வழியில்.

எட்டுப் பேர் ஏறவேண்டிய வேனில் பதினைந்து பேர் ஏறுகிறோம். யார் மடியில் எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு குடும்பம் ஒரே மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், மூன்று பிள்ளைகளாய்ப் போகிறது. சின்னது பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து தூங்கி விழுகிறது. 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் போகலாகாது என்கிறது. காரில் பதினான்கு வயது நிறையாத பிள்ளைக்கு இருக்கைப் பட்டையாவது, குழந்தைக்கென்று அமைந்த இருக்கையாவது வேண்டும் என்கிறது. தவறினால் 1000 ரூபாய் அபராதம். பெரியவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளையை வெறுந்தலையோடு ஏற்றிப் போகிறதைப் பார்க்கிறோமே, இது என்ன நியாயம்? அபராதத்துக்குப் பயந்தல்ல, ஐந்தாம் கற்பனைக்குப் பயந்து இதைச் செய்யுங்கள். கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை கத்திக்கு மாத்திரமல்ல, சக்கரத்துக்கும் உரியது. 2007-ம் ஆண்டில் உரோமாபுரியிலிருந்து வாகனம் ஓட்டுகிறவர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் வெளியிடப்பட்டபோது, அவற்றில் முதலாவதாக வைக்கப்பட்டதும் இதுவே.

வெயிலுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடுநிசியில் புறப்படுகிறவர்கள் உண்டு. பகலெல்லாம் வேலை செய்து, மூட்டை கட்டி, தூங்காமல் வண்டி ஓட்டினால், விடியற்காலத்தில் கண் சொருகும். பின்னால் எல்லாரும் உறங்குகிறார்கள். ஒருவர் விழித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணுகிறார்கள். ஓட்டுகிறவரோடு பேசிக்கொண்டு வர ஒருவர் கட்டாயம் விழித்திருங்கள். கண் கனத்தால் ஓரமாய் நிறுத்தித் தூங்கிவிட்டுப் போங்கள். அரை மணி தாமதித்ததினால் எந்த உறவும் கெட்டுப்போகாது. வாடகை வண்டியானால், ஓட்டுகிறவரும் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் என்பதை மறவாதீர்கள். அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பது தர்மமல்ல, நீதி. குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிறவன் மச்சானானாலும், மூத்த சகோதரனானாலும், மரியாதை பார்க்காமல் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் அடிபட்டுக் கிடக்கிறவனைக் கண்டால் விலகிப் போகாதீர்கள். போலீசு, கோர்ட்டு என்று அலையவேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். நல்ல மனதோடு உதவி செய்கிறவனைத் துன்பப்படுத்தலாகாது என்று அதே 2019-ம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கிறது. 108-க்கு ஒரு அழைப்புப் போதும். நல்ல சமாரித்தனுடைய உவமையை உங்கள் பிள்ளைகள் புஸ்தகத்தில் படிக்கிறதைவிட உங்கள் கையில் பார்ப்பது மேலானது.

இரண்டாவது, உறவினர் வீட்டில்.

சூசையப்பரும் தேவதாயும் பாலனைக் காணாமல் முதலில் எங்கே தேடினார்கள்? உறவினர்களிடத்தில். ஏன்? அந்தப் பிள்ளை அந்த உறவினர்களை அறிந்திருந்தது. அவர்களும் அதை அறிந்திருந்தார்கள். இன்று உங்கள் பிள்ளையைக் காணவில்லையென்றால் எந்த உறவினர் வீட்டில் தேடுவீர்கள்? பெரியம்மா வீடு எந்தத் தெருவில் என்று பிள்ளைக்குத் தெரியுமா? அப்பத்தாவின் பெயர் தெரியுமா? அம்மாச்சியின் முகம் தெரியுமா? உறவினர் வீட்டுக்குப் போயும், பிள்ளை மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; தாத்தா திண்ணையில் தனியே இருக்கிறார். ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவரையொருவர் காணவில்லை. தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்குமென்று பாப்பு பிரான்சிஸ் 2021-ம் ஆண்டில் ஓர் உலக நாளையே ஏற்படுத்தினார். ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறு அது. அந்த நாளுக்குக் காத்திராமல், இந்தப் பயணத்திலேயே பிள்ளையைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். குடும்பத்தில் யார் யார், எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தப் புயலில் எதை இழந்தோம் என்று கேட்கச் சொல்லுங்கள். 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் அடித்தபோது எந்த உறவினர் அரிசியும் தண்ணீருமாய் ஓடி வந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

ஆனால் உறவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பிள்ளை யாரோடு கடைக்குப் போகிறது, யார் பக்கத்தில் படுக்கிறது, யார் கூப்பிட்டால் அழுகிறது என்று தாய் தகப்பன் அறியவேண்டும். எல்லாரும் சொந்தக்காரர்தானே, கூட்டத்தில்தானே இருக்கிறது என்று எண்ணி, ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் ஆறாத காயம் உண்டாக விட்டவர்கள் உண்டு. பிள்ளை ஒருவரைக் கண்டு பயந்து ஒதுங்கினால், மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். அது சொல்லுவதைக் கேளுங்கள், நம்புங்கள். குடும்ப மானத்தைவிடக் குழந்தையின் ஆத்துமம் பெரிது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று 1098 என்ற எண் உண்டென்பதையும் அறிந்திருங்கள். அவ்வாறே நீர்நிலையும். நம் பிள்ளைகள் அலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். கிணற்றின் ஆழமும் வாய்க்காலின் இழுப்பும் அறியார்கள். உள்நாட்டிலிருந்து நம்மிடம் வருகிற பிள்ளைகளோ கடலை அறியார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நிற்காமல் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, பகையான வீட்டு வாசலில்.

சூசையப்பர் அன்று மாலை எத்தனை பேரிடத்தில் போய் விசாரித்திருப்பார்! அவர் பாதி உறவோடு பேச்சுவார்த்தை இல்லாதவராய் இருந்திருந்தால், எந்த வாசலில் போய் என் மகனைக் கண்டீர்களா என்று கேட்டிருப்பார்? நம்மிடத்திலோ, அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் மாமியார் வீட்டுக்குப் போகவேண்டும்; தாண்டும்போது வண்டியின் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுகிறோம். தகப்பன் விட்டுப்போன இரண்டு சென்ட் மனைக்காக, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்காக, பத்து வருஷமாய்ப் பேச்சில்லை. பிள்ளை கேட்கிறது: அது பெரியப்பா வீடல்லவா? நாம் என்ன பதில் சொல்லுகிறோம்? அந்த நிமிஷத்தில் அந்தப் பிள்ளை பகையை உங்கள் கையிலிருந்து சொத்தாக வாங்கிக்கொள்ளுகிறது. நிலத்தைப் பங்கிட்டீர்கள், பகையைப் பங்கிடாமல் முழுதாகவே கொடுத்துவிடுகிறீர்கள்.

இந்தப் பயணத்தில் ஒரு வாசலாவது ஏறுங்கள். வழக்குப் பேசவேண்டாம், கணக்குத் தீர்க்கவேண்டாம். பிள்ளைகளோடு போய், எப்படி இருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்து வாருங்கள். கதவு திறக்கவில்லையென்றாலும், தட்டின தகப்பனைப் பிள்ளை மறவாது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகப் போ என்று சேசுநாதர் கற்பித்தது, நெடுவழி நடக்கிறவர்களுக்கும் உரிய போதனை.

வீட்டில் இருந்து விருந்தினரை ஏற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு வடக்கேயுள்ள சேதுபாவாசத்திரத்தின் பெயரைப் பாருங்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேஸ்வரம் போகிற யாத்திரிகருக்காக இந்தச் சாலையில் சத்திரங்கள் கட்டி, முன்பின் அறியாதவர்களுக்கும் சோறிட்டார்கள். பெத்லேகேம் ஊரிலோ, திருக்குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று. சிரமப்பட்டு வந்திறங்குகிற தங்கைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் உங்கள் வீட்டில் முகங்கோணாத இடம் இருக்கட்டும். கடன் வாங்கி விருந்து வைக்கவேண்டாம்; இருக்கிற குழம்பில் அன்பு இருந்தால் போதும்.

கடைசியாக, பாலனை எங்கே கண்டார்கள்? உறவினர் நடுவில் அல்ல, தேவாலயத்தில். பயணம் போன இடத்தில் ஞாயிறு பூசைக்கு விடுமுறை இல்லை. அங்கேயுள்ள கோவிலில் பூசை எத்தனை மணிக்கென்று முதல் நாளே விசாரியுங்கள். புறப்படும்போது, இளைய தொபியாசுக்கு வழித்துணையாய்ப் போய்ப் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவந்த அதிதூதரான அர்ச். இரபாயேலையும், உங்கள் காவலான சம்மனசுகளையும் வேண்டிக்கொள்ளுங்கள். வண்டியில் ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லுங்கள். சந்தோஷ தேவரகசியங்களில் இரண்டாவது எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, ஐந்தாவது காணாமற்போன பாலனைக் கண்டடைந்தது. இரண்டும் வழிப்பயணத்தின் இரகசியங்கள்தானே. தெற்கே போகிறவர்கள் ஓரியூரில் இறங்கி, 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அர்ச். அருளானந்தர் இரத்தஞ்சிந்தின செம்மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாயையும் தாய்நாட்டையும் விட்டுவந்து, மறவ நாட்டின் வழிகளில் வெறுங்காலோடு நடந்து, நம் முன்னோருக்கு உறவினரானவர் அவர். 1947-ம் ஆண்டில் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தம் செய்தது.

பிரியமானவர்களே, கண்டடைந்த பின் பாலன் பெற்றோருடன் நசரேத்துக்குத் திரும்பிப்போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். திரும்பி வந்து கட்டுமாவடியில் இறங்கும்போது மூட்டைகளை எண்ணுவீர்கள். மீதிப் பணத்தை எண்ணுவீர்கள். அவற்றுக்கு முன் பிள்ளைகளை எண்ணுங்கள். உடம்பில் காயமில்லாமல் வந்தார்களா? உறவை அறிந்து வந்தார்களா? பகையைக் கற்காமல் வந்தார்களா? தேவனை மறக்காமல் வந்தார்களா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்லக்கூடுமானால், உங்கள் பயணம் நல்ல பயணம்.

திருக்குடும்பத்தின் பாதுகாவல் உங்கள் போக்கிலும் வரத்திலும் உங்களோடிருப்பதாக. ஆமென்.