ஐந்தாறு சொல் போதும்
பயிற்சி பெறாத தன்னார்வலர் முதல் ஆங்கில வகுப்புக்குத் தயாராகும்போது கை இலக்கணப் புத்தகத்துக்குத்தான் போகும். அதை மூடி வைக்கலாம்; முதலில் கவனிக்க வேண்டியது சொற்களை. டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், பாடநூல்களில் அரிய சொற்கள் குவிந்திருப்பதே மாணவர்களைத் திணறடிக்கிறது என்று கண்டார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்களே. ஆகவே ஒரு வகுப்புக்கு ஐந்தாறு சொல், ஒரே வாக்கிய அமைப்பு போதும். ‘ஓப்பன் தி டோர்’ என்றதும் பிள்ளை எழுந்துபோய்க் கதவைத் திறக்கட்டும். டோர் இருந்த இடத்தில் புக், பாக்ஸ், விண்டோ வரட்டும். அப்புறம் பிள்ளையே மற்றவர்களை ஏவட்டும். இலக்கணம் சொல்லாவிட்டால் பிழை மலியாதா என்பார்கள். மலியும்தான். ஆனால் பேசிய வாக்கியத்தைத் திருத்தலாம். வாயே திறக்காத பிள்ளையிடம் எதைத் திருத்துவது? அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடம் பழைய சொற்களுக்கே. வகுப்புத் திட்டத்தில் இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.