சாவியைப் பிடுங்கிக்கொண்டு போ

தம்பி, மாதிரி ராக்கெட் கிட் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் உயரத்தைப் பார்த்து நீ மயங்கிப்போயிருக்கிறாய். நாளைக் காலை ராக்கெட்டை விட்டே தீருவது என்று நண்பர்களிடமும் சொல்லிவிட்டாய். அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். அதனால்தான் இன்றிரவே எழுதுகிறேன். துடுப்புகளின் அடியில் பூசிய எபாக்சி நன்றாக இறுகவில்லை என்றால் நாளை விடாதே. வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேள். பறக்கும்போது ஒரு துடுப்பு கழன்றால் ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அடுத்தது மோட்டார். டி12-க்கு என்று செய்த கிட்டில் ஈ12-ஐச் செருகப் பார்க்கிறாய். இரண்டும் 24 மில்லிமீட்டர் பருமன்தான், ஈ கொஞ்சம் நீளம், அவ்வளவுதானே என்கிறாய். ஒவ்வோர் எழுத்துக்கும் உந்தத்தின் உச்ச வரம்பு இரட்டிப்பாகிறது என்பதை மறந்துவிட்டாய். டி என்றால் 20 நியூட்டன்-நொடி வரை, ஈ என்றால் 40 வரை. அதைவிடப் பெரிய சங்கதி, கூடுதல் எடை முழுக்க வாலில் போய் உட்கார்கிறது. எடை மையம் பின்னுக்கு நகர்கிறது. காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவாவது எடை மையம் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். இல்லாவிட்டால் ஏவுதண்டை விட்டுக் கிளம்பியதுமே தலைகீழாகச் சுழலும், எரிந்துகொண்டே. கிட்டின் தாளில் ஈ என்று போட்டிருந்தால் போடு. போடவில்லை என்றால் போடாதே. சந்தேகம் என்றால் மோட்டாரைச் செருகி, பாராசூட்டை மடித்து வைத்து, எடை மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார். மூக்கு முன்னால் போகாத ராக்கெட்டை வானத்துக்கு அனுப்ப உனக்கு உரிமை இல்லை.

மோட்டாரின் கடைசி எண்ணையும் வெளிச்சத்தில் வைத்துப் படி. டி12-5 என்றால் எரிந்து முடிந்து ஐந்து நொடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும். இந்த நேரம் மிகவும் குறைவாக இருந்தால் ராக்கெட் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே குடை விரிந்து, குடையை உடலோடு பிணைக்கும் இழுகயிறு அட்டைக் குழாயை நீளவாக்கில் கிழித்துவிடும். மிகவும் அதிகமானால் குடை விரிவதற்குள் மூக்கு மண்ணில் குத்தும். டி12-0 என்று ஒன்று இருக்கிறது. அது பல அடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது. பாராசூட்டைத் தள்ளும் மருந்தே அதில் கிடையாது. அதைத் தனி ராக்கெட்டில் போட்டால், மேலே போனது அப்படியே கீழே வரும், பிள்ளைகள் நிற்கிற பக்கம் பார்த்துத்தான் வரும் என்று வைத்துக்கொள்.

இதெல்லாம் வீண் பயம் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. 1957-இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கப் பையன்கள் துத்தநாகத்தூளையும் கந்தகத்தையும் குழாயில் அடைத்து, கையையும் கண்ணையும் பணயம் வைத்தார்கள். அதற்கு மாற்றை நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இலேயே, தன் சகோதரர் ராபர்ட்டுக்காகச் செய்து பார்த்திருந்தார். வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதன் அருமையைப் புரிந்துகொண்டு விதிமுறைகளை எழுதினார். அவற்றின் சாரம் இதுதான்: மருந்தை நீ தொடாதே, ஆலையில் அடைத்த மோட்டாரை வாங்கு. உடல் அட்டையாலும் மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் இருக்கட்டும். நெருப்பை மின்சாரத்தால் தூரத்திலிருந்து வை. இன்றைக்குப் பள்ளிப்பிள்ளைகள் பச்சை முட்டையை ராக்கெட்டில் ஏற்றி உடையாமல் இறக்கிப் போட்டி போடுகிறார்கள் என்றால், அந்த விதிகள் போட்டுக் கொடுத்த பாதையில்தான்.

இப்போது உன்னைப் பற்றிய என் உண்மையான கவலைக்கு வருகிறேன். தீபாவளிக்கு வெடிக்காத வெடியைக் குனிந்து ஊதிப் பார்த்து வளர்ந்த கை உன்னுடையது. நாளை பொத்தானை அழுத்துவாய், ஒன்றும் நடக்காது. நடக்காமல் போவது சகஜம், பாதி நேரம் மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் கம்பி நழுவியிருக்கும். எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள். ஒரு பிள்ளை சிரிக்கும். உன் கால் தானாகத் தண்டை நோக்கி நடக்கும். நடக்கவிடாதே. முதலில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதுகாப்புச் சாவியைப் பிடுங்கு. அறுபது நொடி நில். கடிகாரத்தைப் பார்த்து நில், மனக்கணக்கு வேண்டாம். பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நீ மட்டும் போ. சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, 'யாரும் தொடாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிவப்புப் பொத்தானைக் காட்டிவிட்டுத் தொடாதே என்றால் என்ன அர்த்தம்? குனிகிறபோது தண்டின் நுனி கண்ணில் குத்தாமல் இருக்க அதற்கொரு மூடி போட்டு வை. விடும் நேரம் தவிர அது எப்போதும் மூடியே இருக்கட்டும்.

டி என்றால் எல்லோரும் 15 அடியாவது தள்ளி நிற்க வேண்டும், ஈ என்றால் 30. நான் சொல்வேன், பிள்ளைகளை அதற்கும் பின்னால் நிறுத்து. மைதானம் டி-க்கு 500 அடி, ஈ-க்கு 1,000 அடி அகலமாவது வேண்டும். உன் வீட்டுப் பின்னாலிருக்கும் பூங்கா எதற்கும் போதாது. காய்ந்த புல் தண்டைச் சுற்றி இருக்கக் கூடாது. மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் ராக்கெட்டைத் தலைமுழுகிவிடு. குச்சியை எடுக்கிற யாரையும் தடு, உன் பிள்ளை அழுதாலும் சரி.

பேட்டரியை இன்றிரவே சார்ஜில் போடு. தீப்பிடிக்காத பஞ்சுத்தாளைப் பாராசூட்டுக்குக் கீழே திணிக்க மறக்காதே, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடை உருகிப்போகும். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ராக்கெட்டைப் பெட்டியை விட்டே எடுக்காதே. வந்தவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிடு.